பத்தொன்பதாவது நொடிக்குப் பிறகு

1

இது ஒரு பட்டியலாகப் பிறந்திருக்க வேண்டியது. நாளிதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது, ‘தவறவிடக் கூடாத சுறாப் படங்கள்.’ ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம், படத்துக்கு நாலு வரி. ஐந்து படங்களை எழுதிக் கொடுத்தேன், அச்சாகியும் விட்டது. ஆறாவதை எழுதவில்லை. காரணம் ஒரு கதவின் கைப்பிடி.

கதையின் முதல் வரியைப் பலவிதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

‘கடல் அன்று வழக்கத்தைவிட’ — வேண்டாம். இந்தக் கதையில் கடலே கிடையாது.

‘சுறாவிடம் முப்பத்தேழு முறை செத்த ஒரு பெண்’ — கொஞ்சம் அலட்டலாக இருக்கிறது. ஆனால் நிஜம் அதுதான். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

சுறாவிடம் முப்பத்தேழு முறை செத்த அந்தப் பெண் ஒரு டப்பிங் கலைஞர். வேற்றுமொழிப் படங்களில் கடலுக்குள் இழுக்கப்படும் பெண்களுக்குத் தமிழில் அலறுபவர். ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்துவது அவருடைய கணவரின் தம்பி. அவர் ‘அண்ணி’ என்று கூப்பிடுவதால் கூடத்துக்கு வருகிற எல்லோருக்கும் அண்ணிதான். எனக்கும்.

பட்டியலுக்காக அவரைப் பார்க்கப் போயிருந்தேன். படங்களின் பெயர் எதுவும் அவருக்கு நினைவில்லை. காற்றுப் படுக்கைப் படம், கலங்கரை விளக்கப் படம் என்று, செத்த இடத்தை வைத்தே சொன்னார்.*

“கலங்கரை விளக்கப் படம் கண்டிப்பா பாருங்க. நான் மூணாவது நிமிஷமே காலி. ஆனா நல்ல படம்.”

“எதை வச்சு நல்ல படம்னு சொல்றீங்க?”

“கத்துறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்க நேரம் குடுத்திருக்காங்க. மட்டமான படத்துல சுறா வந்தவுடனே கத்தணும். நல்ல படத்துல அவ மொதல்ல தண்ணியப் பாப்பா. அப்புறம் பார்த்தது என்னன்னு புரியும். அப்புறம்தான் மூச்சு. அந்த மூச்சுலதான் தியேட்டர்ல இருக்கறவன் சோளப்பொரியக் கீழ வைப்பான்.”

இதைவிடச் சிறந்த திரை விமர்சனத்தை நான் படித்ததில்லை. கட்டுரையில் என் கருத்து போலவே எழுதிவிட்டேன். இந்தக் கதையில் முதல் திருட்டு என்னுடையது.

* ஒரு சுறாப் படத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. “பொழச்சவங்க கதை நமக்கெதுக்கு?” என்றார்.

3

அவர் உயிரோடு இருக்கிறார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி வரும் பதற்றத்துக்கு அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

மூன்று மாதம் முன்பு, ஒரு பிற்பகல். டப்பிங்கில் அலறல்களைக் கடைசிக்கு ஒதுக்குவார்கள். முதலிலேயே கத்தினால் தொண்டை கட்டி மற்ற வசனமெல்லாம் கெட்டுப்போகும். வசனங்களைப் பேசி முடித்து, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, கதவோரம் இருந்த மைக்கின் முன்னால் அண்ணி நின்றார். திரையில் கடலுக்கடியில் ஓர் இரும்புக் கூண்டு. உள்ளே ஒரு பெண். கம்பியைத் தட்டித் தட்டி அலறுகிறாள். காட்சியின் நீளம் பத்தொன்பது நொடி.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. தொழிலின் முதல் சட்டம்.

முதலில் நாற்றம் வந்தது, ரப்பர் தீய்கிற நாற்றம். அண்ணி நிமிர்ந்தார். ஏசியின் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. எட்டிக் கைப்பிடியைத் திருகினார். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த கைப்பிடி, எதிலும் பிடிக்காமல் வெறுமனே சுழன்றது. ஒலிப்பதிவாளர் அறையைப் பிரிக்கும் கண்ணாடிக்குப் பாய்ந்தார். ஹெட்போனின் வயர் நீண்டு கூடவே வந்தது. தட்டினார். அலறினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனாரின் கண்கள் திரையில் இருந்தன. பதிவின்போது ஒலிப்பதிவாளர் கலைஞரைப் பார்ப்பதில்லை, திரையில் அசையும் உதட்டைத்தான் பார்ப்பார். உதடும் குரலும் அவ்வளவு அழகாகப் பொருந்தின. அவர் குரல் ஹெட்போனில் வந்தது:

“அண்ணி, தட்டாதீங்க. தட்டுற சத்தமெல்லாம் எஃபெக்ட்ஸ்ல போட்டுக்கலாம். நீங்க கத்துங்க, போதும். பிரமாதமா போகுது.”

[இங்கே நிறுத்திவிட்டுத் தேநீர் போட எழுந்தேன். திரும்பி வந்தபோதும் அண்ணி உள்ளேதான் இருந்தார். காட்சி நன்றாக வருகிறது என்பதற்காக ஒருவரைப் புகைக்குள் நிற்கவைப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் உறைத்தது.]

புகை கண்ணாடியை மூடியது. அதற்குமேல் அண்ணிக்கு எதுவும் தெரியவில்லை. காதுக்குள் அவர் குரலே அவருக்குத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கை அவர் தோளைப் பற்றி வெளியே இழுத்தது.

“வெளிப்பக்கக் கைப்பிடியும் கழண்டு கையோட வந்துடுச்சு அண்ணி” என்றார் கொழுந்தனார், இருமிக்கொண்டே.

4

இதை அவர்கள் இருவரும் எனக்கு ஒரு நகைச்சுவையாகத்தான் சொன்னார்கள். விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை.

“நான் உள்ள வெந்துட்டிருக்கேன், இவரு எனக்கு நடிப்பு சொல்லிக் குடுக்குறாரு!”

“நடிப்பு நல்லா இருந்துச்சே அண்ணி, நான் என்ன பண்றது?”

மூவரும் சிரித்தோம். சிரிப்பின் வாலில் அண்ணி சாதாரணமாகச் சொன்னார்: “நாப்பத்தோரு செகண்ட்.”

கொழுந்தனாரின் சிரிப்பு நின்றது.

அண்ணி சொன்னது பதிவின் கணக்கு. கூடத்துக் கணினியில் அந்தப் பதிவு இருக்கிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அலைக்கோட்டில் நாற்பத்தொன்றாம் நொடியில் ஒரு பெரிய மேடு, அது கதவு திறந்த சத்தம். காட்சியோ பத்தொன்பதிலேயே முடிந்துவிட்டது. பிறகு திரை கறுப்பு. பொருத்திப் பார்க்க உதடு இல்லை, கண்ணை வேறெங்கும் வைக்க வழியில்லை. மேசையிலிருந்து கதவுக்கு நாலே எட்டு வைத்தால் போதும்.

மீதி இருபத்திரண்டு நொடி?

5

அந்த மனிதரை எப்படி எழுதுவது?

கதை வடிவம் அ: அவர் ரசித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் அலறல். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்ச — அடித்துவிட்டேன். அண்ணிக்கு ஜுரமென்றால் கஞ்சி கொண்டுவருகிறவர் அவர்.

வடிவம் ஆ: பயத்தில் உறைந்துபோனார். நம்பக்கூடியது. ஆனால் அதை அவர் வாயால் சொல்லவைக்க எனக்கு வரவில்லை.

வடிவம் இ: சொன்னபடியே, கைப்பிடியோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

இதில் எது உண்மை என்பதற்குச் சாட்சி உண்டு. மைக் கதவோரம் இருந்தது. வெளியே கைப்பிடியை யாராவது பிடித்து உலுக்கியிருந்தால், அலறலுக்கு அடியில் அந்த லொடலொடப்பு பதிவாகியிருக்கும். அலைக்கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காதால் கேட்க வேண்டும்.

மூன்று மாதமாக அந்த இருபத்திரண்டு நொடியை யாரும் கேட்கவில்லை.

6

இந்தப் பகுதியில் நான் அங்கே இல்லை. இட்டுக்கட்டுகிறேன்.

படத்தின் ஒலிக் கலவை இன்று முடிகிறது. அந்த அலறலைச் சேர்க்கலாமா என்று அண்ணிதான் சொல்ல வேண்டும். மேசைமுன் உட்கார்ந்திருக்கிறார். கொழுந்தனார் பின்னால் நிற்கிறார். கதவில் புதுக் கைப்பிடி மின்னுகிறது.

“இதைவிட நல்லா யாராலயும் கத்த முடியாது அண்ணி.”

“நீ கேட்டியா?”

“பத்தொம்பது வரைக்கும் கேட்டேன்.”

“அதுக்கு மேல?”

“கேக்கல.”

“ஏன்?”

அவர் கை அழிக்கும் விசையை நோக்கி நீண்டது. “அழிச்சிடட்டுமா?” என்றார்.

“கையை எடு.”

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். அலைக்கோட்டில் குறியைப் பத்தொன்பதில் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

“நான் வெளிய இருக்கேன் அண்ணி.”

“இங்கயே நில்லு. திரையப் பாக்காத. என்னைப் பாரு.”

இதற்குமேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் லொடலொடப்பு கேட்கிறது. மற்றொன்றில் அண்ணியின் குரலைத் தவிர எதுவுமே கேட்கவில்லை. முதலாவதைப் படித்தால் அண்ணியைச் சமாதானப்படுத்தக் கிளம்பியது போல இருக்கிறது. இரண்டாவது, தேநீர் போட எழுந்தவனின் புத்தி. இரண்டையும் கிழித்துவிட்டேன். மூன்றாவது வழியும் உண்டு. கேட்காமலே அழித்துவிட்டு, விருந்தாளிகளுக்கு அந்த நகைச்சுவையைத் தொடர்ந்து சொல்லலாம்.

ஒலிக்கும் விசையும் அழிக்கும் விசையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எதை அழுத்துவது என்பதை உங்களிடம் விடுகிறேன். என் கை சுத்தமில்லை.

அண்ணி அலைக்கோட்டைப் பார்க்கிறார். பார்ப்பது என்னவென்று புரிகிறது.

மூச்சை இழுக்கிறார்.