மூலையில் இருந்த சிவப்புப் பொத்தான்

ஃபேக்ஸ் வந்தபோது மணி பத்து இருக்கும். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் இன்னும் பொழுது விடிந்த மாதிரி இல்லை. 1997 செப்டம்பர் அது. சுமத்ராவில் காடு எரிந்து கிளம்பிய புகை எதிர்ச்சாரிக் கட்டடங்களைக்கூட மறைத்திருந்தது. சேலைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் பகலிலேயே விளக்குகள் எரிந்தன.

சண்முகரத்தினம் ஃபேக்ஸ் சுருளிலிருந்து தாளைக் கிழித்துக் குணேஸ்வரியின் மேசையில் வைத்தார். அவர்தான் முதலாளி. கம்ப்யூட்டரில் படிக்கும் பாடங்களை சிடியில் செய்து கம்பெனிகளுக்குக் கொடுப்பது அவர்கள் தொழில். எந்தப் பாடம் எங்கே இருக்க வேண்டும், எதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று மெனு வரைவது குணேஸ்வரியின் வேலை.

"கேரி தீவுத் தோட்டத்திலயிருந்து வந்திருக்கு. மருந்தடிக்கிற ஒரு மனுசிக்குக் கண்ணில தெறிச்சுப் போச்சாம். முதலுதவிப் பாடம் படிச்சவவோ எண்டு கேக்கினம். ரெக்கார்டைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்."

குணேஸ்வரி தோட்டத்திலிருந்து வந்திருந்த டிஸ்கெட்டைத் திறந்தாள். வீரம்மா, வயது நாற்பத்தொன்று. ஐந்து பாடங்கள், ஐந்து டிக். ஃபேக்ஸில் மீதி விவரம் இருந்தது. படித்தும் அதன்படி செய்யவில்லை என்றால் தப்பு வீரம்மாவுடையது. வேலை போகும். வேலையோடு தோட்டத்து வீடும் போகும்.

அந்த டிக் எப்படி விழுகிறது என்று குணேஸ்வரிக்குத் தெரியும். விழ வைத்ததே அவள்தான்.

ஒரு பாடம் என்பது வரிசையாக எண் போட்ட பக்கங்கள். 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூடும், அவ்வளவுதான். கடைசி எண் திரைக்கு வந்ததும் படிப்பவரின் பேருக்கு நேரே டிக் விழும். நடுவில் அவர் படித்தாரா, எழுந்து தேத்தண்ணீர் குடிக்கப் போனாரா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இந்த வரிசையில் சேராத பக்கங்களும் உண்டு. எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காத ஸ்டேஷன் மாதிரி, 'அடுத்து' அவற்றைத் தாண்டிப் போய்விடும். போக வேண்டுமானால் படிப்பவரே அதற்கான பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும்.

'கண்ணில் பட்டால்' என்ற பக்கம் அப்படிப்பட்டது.

முதலில் அவள் அதை மெனுவின் உச்சியில்தான் வைத்திருந்தாள். அவசரத்தில் தேவைப்படுவது ஒரே அழுத்தலில் கிடைக்க வேண்டும் என்பது மெனு வரைகிறவர்களின் பால பாடம். தோட்டத்து மேனேஜர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இத மொதல்ல காட்டினா பொம்பளைங்க பயந்துடுவாங்க. மருந்தடிக்க ஆள் வராது." ஒரு தடவை வாதாடிப் பார்த்தாள். பிறகு நாலாம் பாடத்தின் கீழ் மூலையில், நகத்தளவு சிவப்புப் பொத்தானாக, ஒரு கூட்டல் குறியோடு அதை ஒதுக்கி வைத்தாள்.

"பாஸ், இந்த டிக்கை வச்சு அவ அந்தப் பக்கத்தைப் பாத்தவ எண்டு சொல்லேலாது."

"ஏன், கம்ப்யூட்டர் பொய்யே சொல்லுது?"

"இல்லை. கேட்டதுக்குத்தான் பதில் சொல்லுது. நான் கேட்டது கடைசிப் பக்கம் வந்ததோ எண்டு மட்டும்தான்."

"அது உமக்கும் எனக்கும் தெரிஞ்சால் போதும். இன்னும் மூண்டு தோட்டம் இதே பாடத்தைக் கேட்டிருக்கு. வாயைக் குடுத்துக் காரியத்தைக் கெடுக்காதையும்."

மறுநாள் அவள் லீவு போட்டாள். கிள்ளான் வரை பஸ், அங்கிருந்து டாக்சி. பாலத்தைத் தாண்டும்போது ஆறே தெரியவில்லை. செம்பனை மரங்கள் புகைக்குள்ளிருந்து இரண்டிரண்டாக வந்து மறைந்தன.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பாலன் கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருந்த துணியை மெதுவாக எடுத்தான். இளம் வயதுக்காரன். அவளைப் பார்த்ததில் அவனுக்கு ஒரே பெருமை.

"மௌச தொடவே பயந்தாங்கக்கா. ஒடஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு. அதனால நானே அமுக்கினேன். நூத்திப் பன்னெண்டு பேரு, ரெண்டே நாளு!"

"ரெண்டு நாள்ல எப்படிங்க?"

"பெரட்டு மாதிரிதான்."

விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். கூப்பிட்ட பேருக்கு ஆள் குரல் கொடுத்தால் புத்தகத்தில் ஒரு கோடு விழும். ஆள் இருந்தால் போதும். பாலன் கம்ப்யூட்டரையும் அப்படியே நடத்தியிருந்தான். எட்டு எட்டுப் பேராக உட்கார வைத்து, முதல் பேருக்குப் பாடத்தை முழுவதும் ஓட்டினான். மற்ற ஏழு பேருக்கும் பேரை அடித்து, 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தி டிக் வாங்கிவிட்டான்.

"எல்லாருக்கும் அதே பாடம்தானேக்கா?"

அவள் திரையின் மூலையைத் தொட்டாள். "இந்தச் சிவப்பு?"

"அதுவா? ஏதோ ஆஸ்பத்திரி விளம்பரம்னு நெனச்சேன் லா."

அவனைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பொத்தானைப் பற்றி அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

வீரம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. குணேஸ்வரி ரெண்டு வார்த்தை பேசியதும் அவள் நிமிர்ந்தாள்.

"டீச்சர்! பெட்டிக்குள்ள பேசுறது நீங்கதானா? கொரல் தெரியுது."

"நான்தான்க்கா. கண்ணுல பட்டதும் என்ன பண்ணீங்க?"

"தலத்துண்டால தொடச்சேன். எரிச்சல் தாங்கல, நல்லா தேச்சேன். வேல வாங்குற மண்டோரு அந்த மர வரிசைய முடிச்சிட்டுப் போன்னாரு. முடிச்சேன்."

"பக்கத்துல தண்ணி இல்லையா?"

"ட்ரம் நெறைய இருந்துச்சு. குடிக்கிற தண்ணி டீச்சர், அத எப்படி வீணாக்குறது?" வீரம்மா தரையைப் பார்த்தாள். "பெட்டியில எல்லாம் சொல்லியிருக்காமே. ஏர்கோன்ல உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும். தூங்கிட்டேன் போல. எம் மேலதான் தப்பு."

"நீங்க தூங்கல. அந்தப் பக்கத்த உங்களுக்குக் காட்டவே இல்ல."

"அதுல என்ன சொல்லியிருந்தீங்க?" என்று கேட்டாள் வீரம்மா.

குணேஸ்வரிக்கு அது மனப்பாடம். 'கண்ணைத் தேய்க்காதீர்கள். எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் உடனே ஊற்றிப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள்.' தானே ஒலிப்பதிவு செய்த அந்த வாக்கியங்களை இப்போது சொல்ல அவளால் சுலபமாக முடியவில்லை. சொன்னாள்.

"எந்தத் தண்ணியும்னா ட்ரம் தண்ணியுமா?"

"ஆமாக்கா."

"பத்தடி கூட இருக்காது, டீச்சர்" என்றாள் வீரம்மா.

அடுத்த நாள் காலை குணேஸ்வரி ரெக்கார்டைப் பிரிண்ட் எடுத்தாள். ஐந்து டிக்கும் அப்படியே இருந்தன. கீழே காலியாக இருந்த இடத்தில் பேனாவால் எழுதினாள்: 'டிக் என்பது கடைசிப் பக்கம் திறந்ததற்கு அடையாளம்; படித்ததற்கு அல்ல. முதலுதவிப் பக்கம் வரிசையில் இல்லை. தோட்டம் கேட்டதால் அதை மூலைக்கு மாற்றியது நான். வீரம்மா அதைப் பார்த்ததாக எந்தப் பதிவும் கிடையாது.' கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் மெஷினில் நுழைத்தாள்.

சண்முகரத்தினம் தன் அறையிலிருந்து வருவதற்குள் தாள் முக்கால்வாசி உள்ளே போயிருந்தது. அவர் அதைப் பிடித்து இழுக்கவில்லை. வெளியே வந்து விழுந்ததும் எடுத்து வாசித்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் இரும், அதோட சரி," என்றார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாலன் போன் பண்ணினான்.

"வீரம்மாக்கா மேல தப்பு இல்லன்னு ஆயிருச்சுக்கா. வேலை இருக்கு, வீடும் இருக்கு. இனி மருந்தடிக்கப் போக வேணாம், கீழ விழுந்த பழம் பொறுக்கினா போதும்னுட்டாங்க."

"கண்ணு?"

"அது வராதாம்லா."

அவனே தொடர்ந்தான்.

"கம்ப்யூட்டரத் தூக்கி ஸ்டோர்ல போட்டாச்சுக்கா. பாடமும் வேணாமாம், ஒண்ணும் வேணாமாம்."

அவள் மேசையில் புது மெனு கிடந்தது. யாரும் கேட்காமலே வரைந்தது. முதலுதவி எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே அழுத்தலில். மருந்தடிக்கிற மற்றவர்கள் இன்றைக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

"பாலன், ஒரு பலகையில ரெண்டே வரி எழுதி, தண்ணி ட்ரம்ல கட்டுங்க. பெருசா எழுதுங்க. நான் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. அவள் இரண்டு வரியையும் சொன்னாள். அவன் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டான்.

"கட்டிடுவீங்கல்ல?"

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்றான் பாலன்.