அஞ்சு சட்டை, ஒரே மத்தியானம்

…தேதி தப்பா இருக்குமாம், ஃபோன் பழசாம், கீழ விழுந்து எழுந்த ஃபோனாம், இந்தத் தையல்கடைக்காரி காலையிலிருந்து மூணு தடவை கூப்பிட்டு இதையேதான் சொல்றா, அக்கா அக்கான்னு வேற, நான் என்ன உன் கூடப் பிறந்தவளா, இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல கிளெய்ம் பார்க்குறவ, நீ அனுப்புற படத்துக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு பார்க்கத்தான் எனக்குச் சம்பளம், விவரம்னு ஒரு இடத்துல அழுத்தினா எடுத்த நாள், மணி, தெரு எல்லாம் புட்டுப் புட்டு வச்சிடும், போன வாரம் மழையில நனைஞ்ச தையல் மெஷின்னு அனுப்பியிருக்கா, படம் போன வருஷத்தது, ஏம்மா, முன்கூட்டியே நனைச்சு வச்சியான்னு கேட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் சிரிச்சார், அவ அழுதா, அழட்டும்… சில கெட்டிக்காரங்க விவரத்தையெல்லாம் அழிச்சுட்டு அனுப்புவாங்க, மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம், அந்தக் கிளெய்முக்கும் தள்ளுபடிதான்.

அந்தக் கையோட என் வீட்டுக்காரர் படத்தை ஏன் திறந்தேன்… லிஃப்ட் மாட்டுற வேலைக்கு வெளியூர் போய் அஞ்சு வாரம், ஞாயித்துக்கிழமை தவறாம சாட்ல ஒரு படம், அப்படி வர்ற படத்துல விவரம் ஒண்ணும் தங்காது, அப்பா படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு மாட்டணும்னு பொண்ணு நச்சரிச்சா, அசலை மெயில்ல அனுப்புங்கன்னு நான்தான் கேட்டேன், நேத்து அனுப்பிட்டார், அஞ்சும். விவரத்தை அழுத்தினா மணி மூணு அஞ்சு, மூணு பதினாறு, மூணு இருபத்தாறு… எல்லாம் ஒரே நாள், அவர் கிளம்பின மறுநாள் மத்தியானம், பத்து நிமிஷத்துக்கு ஒரு சட்டை, எல்லாம் நான் தேய்ச்சு மடிச்சு வச்ச சட்டை, கசங்கக்கூட இல்ல. இடம்? இதே ஊரு, பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்குப் பின்னாடி மூணாவது தெரு. தேதி தப்பா இருக்குமோ, இவர் ஃபோனும் பழசுதானே, மாடிப்படியில ஒரு தடவை விழுந்துச்சே… சீ, தையல்கடைக்காரி மாதிரியே பேசறேன், தேதி தப்பாகும் சரி, தெருவுமா தப்பாகும்? படத்துல அவர் ரெண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள, அப்போ எடுத்தது யாரு, அந்தச் சிரிப்பு ஃபோனைப் பிடிச்சிருந்தவளுக்குச் சிரிச்சது, அதைத்தான் வாரா வாரம் எனக்குன்னு நினைச்சு பொண்ணுகிட்ட காட்டிக்கிட்டு இருந்தேன்.

கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம், கேட்டு, அவர் ஆமாம்னு சொல்லிட்டா? பொண்ணு கேட்டா என்ன சொல்லுவேன்? ஏழு சட்டை வச்சு அனுப்பினேன், இன்னும் ரெண்டு இருக்கு… விரல் என்னைக் கேட்காமலே டைப் பண்ணுது, "படம் அனுப்பும்போது தேதி, இடம் எல்லாம் அழிச்சுட்டு அனுப்புங்க, கண்டவங்க பார்த்துடுவாங்க, இந்த வாரப் படத்தையும் மெயில்லயே போடுங்க." அரை மணி நேரம் ஓடுச்சு. அப்புறம், "சரிம்மா, நல்லவேளை சொன்னே." கூடவே ஆறாவது சட்டை, கோடு போட்டது, காலர் பட்டன் நான் தைச்சது. விவரத்தைத் திறந்தேன். காலி, நாள் இல்ல, மணி இல்ல, தெரு இல்ல. தையல்கடைக்காரி மறுபடி கூப்பிடறா, எடுக்கல, அவ ஃபைல்ல தள்ளுபடின்னு அழுத்திட்டு இவர் படத்தைப் பெருசாக்கிப் பார்க்கிறேன், இது இன்னைக்கு எடுத்ததா இருக்கலாமே, வெளியூர்ல, இருக்கலாம்தானே…