வெள்ளை வயிறு

இருளாயி தகரமும் கட்டையுமாகக் குளத்து வரப்பில் நின்றாள். மலேசியாவின் சித்தியவான் ஊருக்கு வெளியே, கடலை ஒட்டிய சியாக்காப் மீன் குளங்கள் அவை. பறவை வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டுவதுதான் அவள் வேலை. வேலை போனால், குளத்து முதலாளியான தவுக்கே குளத்துக்குப் பின்னால் கொடுத்திருக்கும் அறையும் போய்விடும். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த அவள் கணவன் பிச்சைமுத்து அதில்தான் படுத்திருந்தான். தோட்டத்து வீட்டை இடித்த பிறகு அவர்களுக்கு வேறு கூரை இல்லை.

பெரிய பறவை ஒன்று தாழ்ந்து வந்தது. இருளாயி தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பறவை துடிக்கத் துடிக்க ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

தீனி போட வந்த கேப்ரியல் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா! இன்னொரு மீன் போச்சுன்னா உங்கள அனுப்பிருவேன்னு தவுக்கே சொல்லிட்டுப் போறாரு. நீங்க கும்புட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

"கருடன எப்படிடா தட்டி வெரட்டுவேன்?"

"அது கருடன் இல்லலா. கடல் கழுகு. வயிறு வெள்ளை, முதுகு சாம்பல். கருடன் இதவிடச் சின்னது. தலையும் நெஞ்சும் வெள்ளை, மத்ததெல்லாம் செங்கல் கலரு. அது பெரும்பாலும் செத்து மெதக்கிறதத்தான் பொறுக்கும்."

"வேதக்காரப் பயலே, எங்க சாமிய எனக்கே காட்டிக் குடுக்கிறியா?"

"இந்தத் திருட்டுத் தடியன் மேலயா உங்க பெருமாள் ஏறிப் போவாரு?"

இருளாயி சிரித்துவிட்டாள். அவன் தன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவளுக்கு ஒதுக்கினான். முட்டை முழுவதும் அவள் பக்கம் போயிற்று.

மறுநாள் வெள்ளை வயிறு தெரிந்தபோதெல்லாம் அவள் தோள் வலிக்கத் தட்டினாள். ஒரு மீன்கூடப் போகவில்லை. மத்தியானம் செங்கல் நிறத்தில் சின்னதாக ஒன்று வந்து, ஓரத்தில் மிதந்த செத்த மீனைக் காலால் பற்றிக்கொண்டது. எப்படியும் குப்பைக்குப் போகிற மீன். இருளாயி தட்டாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பம்பு கொட்டகையிலிருந்து தவுக்கே பார்த்துவிட்டார். ஓடிவந்து மலாயில் கத்தினார். சிவப்போ வெள்ளையோ, அவருக்குப் பறவை பறவைதான்.

"அது செத்த மீன், பாஸ்," என்று கேப்ரியல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான்.

தவுக்கே தகரத்தையும் கட்டையையும் பிடுங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றார்.

அவர் திட்டி முடிப்பதற்குள் குளத்தின் மேல் அகலமாக ஒரு நிழல் விழுந்தது. இருளாயி நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வயிறு. "ஹோய்! ஹோய்!" என்று வெறுங்கையைத் தட்டிக்கொண்டு, சேற்றில் புதைந்த செருப்பை விட்டுவிட்டு, வரப்பு நெடுகிலும் பறவையைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.