ஒரு சாண் தள்ளி

ரேடியோவுக்கு வாய் ஓயாது, அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். அவனுடைய அக்காவைக் கட்டியவர் படக்காரர். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. வெல்டிங் செய்த பெரிய குழாய்களின் இணைப்புக்குள்ளே விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் எடுக்க வேண்டும்.

கேமரா என்று பேர்தானே தவிர, அது கனத்த ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே கதிர் வீசும் மிளகளவு மணி ஒன்று இருக்கும். ஏழு மீட்டர் தள்ளி நின்று படக்காரர் கைப்பிடியைச் சுற்றினால் மணி ஒரு டியூப் வழியாக இணைப்புக்குப் போய் நிற்கும். படம் விழுந்ததும் திருப்பிச் சுற்றினால் மணி பெட்டிக்குள் வந்துவிடும். போகப் பத்துச் சுற்று, வர பத்துச் சுற்று. கைப்பிடி பழசு, பாதியிலேயே இறுகிக்கொள்ளும், அதனால் கைக்கு வருகிற உணர்வை நம்பக் கூடாது. கதிரை அளக்கும் கருவியை நம்ப வேண்டும். அதில் பேட்டரி செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆக, மனதுக்குள் எண்ணுவதுதான் ஒரே வழி. இதைவிடக் கேவலமான வழி உலகத்தில் கிடையாது.

ரேடியோவுக்கு அதிலும் ஒரு விளையாட்டு. மாமா எண்ணும்போது குறுக்கே வேறு எண்களைச் சொல்லுவான்.

"நாப்பத்தி மூணு, நாப்பத்தி நாலு. மாமா, எங்க இருக்கீங்க?"

"வாய மூடுடா."

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வெல்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். படக்காரர் சிரித்துக்கொண்டே சுற்றி முடித்துக் கையைக் காட்டினார். ரேடியோ வந்து பெட்டியை வலது கையில் தூக்கினான். டியூப் தரையில் இழுபடாமல் இருக்க அதை இடது கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அடுத்த இணைப்புக்கு நடந்தான். பன்னிரண்டு தப்படி. பெட்டியை இறக்கிவிட்டு ஃபிலிம் எடுக்கப் போனான்.

பெட்டியைப் பூட்டப் பார்த்தார் படக்காரர். சாவி திரும்பவில்லை. கைப்பிடியை உள்பக்கமாக அழுத்திச் சுற்றினார். முழுசாக ஒரு சுற்று போனது, பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். மணி இப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியென்றால் அந்தப் பன்னிரண்டு தப்படியும் அது வெளியே, டியூபுக்குள் இருந்திருக்கிறது.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

பாவி மனிதர், அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, மென்று விழுங்கிவிட்டார். ஏனென்றால் சொன்னால் முதலில் கேட்கப்போவது இருவர் சட்டையிலும் இருக்க வேண்டிய பேட்ஜை. எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குச் சொல்லும் அட்டை அது. இரண்டும் வண்டியில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன. அளவு கூடினால் ஆளைத் தூக்கி அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று டப்பா யோசனையைச் சொன்னவரே படக்காரர்தான்.

அன்றிலிருந்து அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மச்சானின் இடது கையைப் பார்த்தார். சுத்தியல் பிடிக்கும்போது பார்த்தார், டீ கிளாஸ் பிடிக்கும்போது பார்த்தார். கையில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. பயிற்சி வகுப்பில் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. நெருப்பு சுட்டால் உடனே தெரியும், கதிர் சுட்டால் தெரியாது. மேல்தோல் அப்படியே இருக்கும். அடிபட்டது அதற்கு அடியில், புதுத் தோலை உண்டாக்கும் செல்களில். அவை பெருகப் பார்க்கும்போதுதான் முடியாமல் சாகும். சிவக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பிறகு கொப்புளம், புண். ரொம்பப் பட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டிவரும்.

கைக்கு வருடத்துக்கு ஐந்நூறு மில்லிசீவர்ட் கதிர்தான் உச்சம். அந்த மணியை டியூபோடு சேர்த்துப் பிடித்தால் ஒரு வருடத்து அளவு ஒன்றிரண்டு நொடியில் தீர்ந்துவிடும். பன்னிரண்டு தப்படிக்கு எத்தனை நொடி? குளியலறையில் நடந்து நடந்து பார்த்தார். ஒருமுறை எட்டு வந்தது, ஒருமுறை பதினொன்று வந்தது.

"உள்ள என்ன பண்றீங்க?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ரேடியோ அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மேலதிகாரி தும்முவதைப் போல நடித்துக் காட்டி அக்காவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். நடுவில் இடது உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தேய்த்தான்.

"என்னடா அரிப்பு?"

"தெரியலக்கா. ரெண்டு நாளா குறுகுறுங்குது. சூடா வேற இருக்கு."

"காட்டு. ஆமா, செவந்திருக்கே. இரு, எண்ணெய் தடவி விடறேன்."

"தடவாத," என்றார் படக்காரர்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். அப்படியே எச்சில் கையோடு எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பதோடு நின்ற எண்ணிக்கை, திரும்பாத சாவி, டக் என்ற சத்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை.

ரேடியோ தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பன்னெண்டு நாளு," என்றாள் மனைவி. "பன்னெண்டு நாளு என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கீங்க."

"தூங்கல," என்றார் அவர்.

"சேஃப்டி மேடத்துக்கிட்ட சொன்னா உங்க லைசென்ஸ் போயிடும் மாமா," என்றான் ரேடியோ மெதுவாக. "அரிப்புதான. தானா சரியாயிடும்."

"நாளைக்குப் போறோம்," என்றார் படக்காரர்.

பாதுகாப்பு அதிகாரி அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. முதல் வேலையாக இருவருக்கும் ரத்தம் எடுக்கச் செய்தார். சாயங்காலத்துக்குள் முடிவு வந்தது. அணுக்களின் எண்ணிக்கை இருவருக்கும் சரியாகவே இருந்தது. படக்காரர் நிம்மதியாக மூச்சுவிடப் போனார், கூட இருந்த டாக்டர் விடவில்லை.

"உடம்பு முழுக்கப் பட்டிருந்தாத்தான் இது காட்டிக்கொடுக்கும். கையில மட்டும் பட்டிருந்தா ரத்தம் நல்லாத்தான் இருக்கும். பேட்ஜ் இருந்தாலாவது கணக்குப் போட ஒரு பிடி கிடைச்சிருக்கும்."



ஆகவே நடித்துக் காட்டச் சொன்னார்கள். மணி இல்லாத வெறும் பெட்டியையும் டியூபையும் கொண்டுவந்து வைத்தார்கள். பத்தாவது சுற்று பாக்கி என்றால் மணி எங்கே நின்றிருக்கும் என்று அளந்தார் அதிகாரி. பெட்டியின் வாயிலிருந்து டியூபில் சரியாக ஒரு சாண். அந்த இடத்தில் சிவப்பு டேப் ஒட்டினார்.

"தூரம்தான் எல்லாமே," என்றார். "தூரம் ரெண்டு மடங்கானா அடி நாலுல ஒரு பங்காயிடும். வாய்ப்பக்கம் பிடிச்சிருந்தா மணிக்கும் கைக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கு. பட்டது வருஷ அளவுக்குள்ளயே அடங்கிடும், இந்த அரிப்பு வேற ஏதோ. டேப் மேலயே பிடிச்சிருந்தா கதை வேற. அத இன்னைக்கே தெரிஞ்சுக்கணும். புண்ணு வர்றதுக்கு முன்னாடியே வைத்தியம் தொடங்கணும். எங்க பிடிச்சீங்க, எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடிங்க."

நொடி பார்க்கும் கடிகாரத்தோடு டாக்டர் நின்றார். ரேடியோ பெட்டியைத் தூக்கினான். இடது கை டியூபை நோக்கிப் போனது, கொஞ்சம் தயங்கியது. பிறகு வாய்ப்பக்கம், பெட்டியை ஒட்டிப் பிடித்தது.

"இங்கதான் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இங்கதான். எப்பவும் இங்கதான் பிடிப்பேன். மாமாவையே கேளுங்க."

படக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். ஆறு வருடமாக அந்தக் கை எங்கே பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். வாயருகே பிடித்தால் டியூப் வளைந்து பெட்டியில் இடிக்கும், யாரும் அங்கே பிடிக்க மாட்டார்கள். எல்லோரையும் விட ரேடியோவுக்கே அது தெரியும். தெரிந்துதான் பிடித்திருக்கிறான். மாமா தலையாட்டினால் போதும், பேட்ஜுக்கு ஒரு திட்டு, ஒரு மெமோ, அத்தோடு தீர்ந்தது, மாமா லைசென்ஸ் தப்பிவிடும் என்று பார்க்கிறான், மடையன். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

படக்காரர் நாலு எட்டில் போய் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் விரல்கள் டியூபை விடவில்லை.

"மாமா, வேணாம்," என்றான் காதோரம்.

"விடுடா."

ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளங்கை கொதித்தது. அந்தக் கையை ஒரு சாண் கீழே நகர்த்தி, சிவப்பு டேப்பின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"இங்க பிடிச்சான் மேடம்," என்றார். "எழுதிக்கோங்க."