முன்னால் போகிறவள்

கேடயமும் வாளுமாக நின்ற அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று கம்ப்யூட்டர் கேட்டபோது பூர்ணிமா அதிகம் யோசிக்கவில்லை. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி ஆங்கிலத்தில் 'அமிர்தம்' என்று அடித்தாள். அமிர்தம் அவள் கணவன் ஆனந்தராஜின் அக்கா, அவளுக்கு அண்ணி. அந்த நேரத்தில் அவள் கொல்லையில் பூர்ணிமாவின் புடவையைத்தான் அலசிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரை வாங்கியது பூர்ணிமா கணக்கு எழுதப் பழகுவதற்காக. பழகினால் ஏதாவது ஒரு பீங்கான் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்துவிடலாம் என்று ஆனந்தராஜ் சொன்னான். அவனும் அப்படி ஒரு கம்பெனியில்தான், சூளைப் பிரிவில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிய மங்கலம்பேட்டை நவ்ஷாத், "அக்காவுக்குப் போரடிச்சா இருக்கட்டும்" என்று ஒரு விளையாட்டையும் ஏற்றிவிட்டுப் போனான். ஒரு வாரம் ஆனந்தராஜ் ஆடினான். பிறகு பூர்ணிமா தொட்டாள், விடவே இல்லை.

அதில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. மரம் வெட்ட வேண்டும், இரும்பு தோண்ட வேண்டும், கோபுரம் கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும். இவள் கட்டி முடிக்கட்டும் என்று எதிரி காத்திருக்க மாட்டான். அவன் பாட்டுக்கு வந்து அடிப்பான். இதற்கு நடுவே இவளுக்கென்று ஒரு உருவம் உண்டு. நீல அங்கி போட்ட மந்திரக்காரி, கையில் கோல். ஊர் ஊராகப் போய்ப் பேசும், பொருள் சேர்க்கும், சண்டைக்குச் சண்டை பலம் கூடும். அதன் பெயர் பூர்ணிமா. பூர்ணிமா செத்தால் ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் செத்தால் கவலையில்லை. வட்டமாக நட்ட கற்களின் நடுவே நின்று கூப்பிட்டால் மறுபடி எழுந்து வருவார்கள்.

பூதங்களின் கொட்டகையை எப்படிப் பிடிப்பது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். ஒருத்தியை மட்டும் முன்னால் அனுப்ப வேண்டும். அவளைப் பார்த்ததும் பூதங்கள் துரத்திக்கொண்டு வரும். அவள் அடி வாங்கிக்கொண்டே திரும்பி ஓடிவர, வில்லாளிகள் ஒளிந்திருக்கும் இடத்தில் எல்லாம் மாட்டிக்கொள்ளும். பூர்ணிமா கடைசியில், கோபுரத்துக்குப் பின்னால் நிற்பாள். அமிர்தம் முன்னால் போவாள்.

முதலில் அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு தான் செய்வது அவளுக்கே தெரிய ஆரம்பித்தது. தான் விளக்கிக் கவிழ்த்த பாத்திரத்தை அண்ணி எடுத்துப் பார்த்து, சத்தமில்லாமல் மறுபடி தேய்த்து வைக்கிற நாட்களில், தேவையே இல்லாத பெரிய பூதத்திடம் அமிர்தத்தை அனுப்பினாள். திரும்பக் கூப்பிட நேரம் இருந்தும் கூப்பிடவில்லை. தலைக்கு மேல் இருக்கும் பச்சைக் கோடு சிவப்பாகி, சுருங்கி, இல்லாமல் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் அண்ணிக்கும் சேர்த்து டீ போட்டாள். நன்றாகவே போட்டாள்.

அண்ணியைப் பற்றி வெளியில் சொல்லத் தக்க குறை ஒன்றும் பூர்ணிமாவிடம் இல்லை. அதுதான் தொல்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருக்கலாம். பூர்ணிமாவுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம், கம்மாபுரத்தில் புருஷன் அர்ச்சுனனை விட்டுவிட்டு ஒரு ஒயர் கூடையோடு வந்தவள் அமிர்தம். அவன் அடித்ததில் இடது தோள் விலகி, சரியாகக் கூடாமல் போயிருந்தது. அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது. பொம்மைக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சிலிருந்து பிரித்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் விளிம்பில் வரப்பு மாதிரி ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து மறைப்பது அவள் வேலை. இருப்பதோ ஒரு அறையும் ஒரு கூடமும். கூடத்தில் அவள் படுத்துக்கொண்டாள். அறைக்குள் பூர்ணிமாவும் ஆனந்தராஜும் அன்றிலிருந்து கிசுகிசுத்தே பேசினார்கள். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். எப்போது சிரிப்பு வருவது நின்றது என்று பூர்ணிமாவுக்கு நினைவில்லை.

தை பிறந்ததும் அர்ச்சுனனின் மாமா பக்கிரி ஆள் அனுப்பினார். பையன் திருந்திவிட்டான், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனதில் கிடைத்த பணத்தில் புதுத் தெருவில் புது வீடு கட்டியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணை அழைத்துப் போகிறோம் என்று சொல்லியிருந்தார். ஷிப்ட் முடிந்து காலையில் சாப்பிட உட்கார்ந்த ஆனந்தராஜ் இட்லியைப் பிட்டபடியே கேட்டான்.

"நீ என்னா சொல்ற? அக்காவ கேட்டா, நீங்க சொன்னா சரிங்குது."

பூர்ணிமா சட்னிக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவங்க வூடு அதுதானங்க. எத்தன நாளைக்கு இங்கயே இருப்பாங்க? போனா அவங்களுக்குத்தான் நல்லது."

'அவங்களுக்குத்தான்' என்பதை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். தன் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது என்று அவளே கவனித்தாள். ஆனந்தராஜ் தலையாட்டினான். அவனுக்கு அந்தச் சொல் போதும். அன்று மத்தியானம் பூர்ணிமா கூடத்தில் ஒரு கட்டில் போட்டால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் அளந்து பார்த்தாள்.

புதன்கிழமை கம்ப்யூட்டர் நின்றுபோனது. சாயங்காலம் நவ்ஷாத் வந்து பெட்டியைக் கழற்றி, தூசி ஊதி, மறுபடி மாட்டினான். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அந்த விளையாட்டையே திறந்தான். பூர்ணிமா டீ டம்ளரோடு வந்தபோது திரையில் அவள் கடைசியாக நிறுத்தி வைத்த இடம் விரிந்திருந்தது.

"ன்னாக்கா, பெரிய ஆட்டக்காரியா இருக்கீங்க" என்றவன் திரையை உற்றுப் பார்த்தான். "இது யாரு, அமிர்தம்? நம்ம அமிர்தம் அக்காவா?"

டம்ளர் அவள் கையில் சுட்டது. கட்டிலில் சாய்ந்திருந்த ஆனந்தராஜ் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தான். "அக்கா, இங்க வாயேன். ஒன் பேர வச்சிருக்கா பாரு."

கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்த அமிர்தம், நகக்கண்ணில் வெள்ளை மண்ணோடு வந்து நின்றாள். நவ்ஷாத் விரலால் காட்டி எழுத்துக்கூட்டிப் படித்தான். அமிர்தம் கேடயக்காரியைப் பார்த்தாள், பூர்ணிமாவைப் பார்த்தாள்.

"என் பேரா?"

"ஆமா அண்ணி. சும்மா..."

"சும்மா யாராவது பேரு வைப்பாங்களா?" அமிர்தம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கம்மாபுரத்துல மாட்டுக்குக் கூட அவங்க ஆத்தா பேரத்தான் வச்சாங்க. என் பேர ஒண்ணுத்துக்கும் யாரும் வச்சதில்ல."

அந்த ஊர்ப் பக்கத்தில் பிள்ளைக்கோ கடைக்கோ பஸ்ஸுக்கோ ஒருவர் பெயரை வைப்பது, அவரைத் தலைமேல் வைப்பதற்குச் சமம். வேறு எதற்காகவும் ஒரு பெயரை வைக்க முடியும் என்று அமிர்தத்துக்குத் தோன்ற வழியே இல்லை. ஆனந்தராஜும் பூர்ணிமாவைக் கொஞ்சம் பெருமையாகப் பார்த்தான். அவளுக்கு அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுப்பங்கரைக்குக் கதவு கிடையாது.

மறுநாள் சாயங்காலம் அமிர்தம் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டாள். "கம்பெனியில எல்லார்கிட்டயும் சொன்னன். வேல்விழி நம்பவே மாட்டன்னா. போடு, நான் என்னா பண்றன்னு பாப்போம்."

பூர்ணிமாவுக்கு வேறு வழி இல்லை. திரையில் இருந்த அமிர்தத்தைச் சும்மா நிறுத்தி வைத்து மரம் வெட்டுகிறவர்களைக் காட்டினாள். இரும்புச் சுரங்கத்தைக் காட்டினாள். அமிர்தம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி, நான் எப்ப சண்ட போடுவன்?" என்றாள். பூர்ணிமா கேடயக்காரியைக் காட்டுக்குள் இரண்டடி அனுப்பினாள். சின்னப் பூதம் ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்தாள். முன்பு தானே கிளப்பி விட்டிருந்த கூட்டம் அங்கேயே திரிந்துகொண்டிருந்தது. சுற்றி வளைத்துக்கொண்டன. பச்சைக் கோடு சிவப்பானது. கேடயம் விழுந்தது. ஒரு பெண்குரல் கத்தி அடங்கியது.

"செத்துட்டனா?"

"மறுபடி வருவீங்க அண்ணி. கல்லுகிட்ட கூப்பிட்டா வந்துருவீங்க."

"எத்தினி வாட்டி?"

"எத்தினி வாட்டி வேணும்னாலும்."

 அமிர்தத்தின் வலது கை தானாகப் போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. "அதுக்கு வலிக்காதுல்ல?" என்றாள்.

"அது பொம்ம அண்ணி."

"ஆமாமா." பிறகு திரையின் மூலையில் நீல அங்கியைக் கண்டுபிடித்தாள். "அது யாரு, பின்னாடி நிக்கறது?"

"அது... நானு."

"ஒன்ன ஒண்ணும் பண்ணிடலயே?"

"இல்ல அண்ணி."

"அப்பச் சரி" என்றாள் அமிர்தம், நிஜமாகவே நிம்மதியாகி. "நீ பின்னாடியே நில்லு."

பூர்ணிமா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. காது மடல் மட்டும் கொதித்தது. யாராவது கண்டுபிடித்திருந்தால் கூடத் தேவலை. கண்டுபிடித்தால் திட்டுவார்கள், திட்டு வாங்கி முடித்துவிடலாம். இப்படி அன்பென்று நம்பிவிட்டால் அதை என்ன செய்வது? 'அது பொம்ம' என்று சொன்னாளே, பொம்மைக்கா வைத்தாள் அந்தப் பெயரை? கம்மாபுரத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரியாமலா சட்னிக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொன்னாள்? தெரியும். அங்கே எந்தக் கல்வட்டமும் இல்லை என்றும் தெரியும்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஆனந்தராஜிடம் பேச வாயெடுத்தாள். போகச் சொன்ன வாயாலேயே எப்படி மாற்றிச் சொல்வது என்று அடங்கிப்போனாள். அவன் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதை எங்கிருந்து தொடங்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பக்கிரி வந்துவிட்டார். பூ, பழம், ஸ்வீட் எல்லாம் வாங்கி வந்திருந்தார். வாசலில் வேன் நின்றது. அர்ச்சுனன் அதை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாக அவன் முழங்கை மட்டும் தெரிந்தது. அமிர்தம் தலை வாரி, ஒயர் கூடையைக் கூடத்து மூலையில் தயாராக வைத்திருந்தாள். சுவரோரம் நின்று, இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"புதுப் பொண்ணாட்டம் நிக்குது பாரு" என்றார் பக்கிரி. "ஆனந்தராஜு, நல்ல நேரத்துல கெளம்பிடுவோமா?"

ஆனந்தராஜ் வழக்கம்போலப் பூர்ணிமாவைப் பார்த்தான். அண்ணியின் கையைக் காட்டிப் பேசினால் எல்லார் வாயும் அடைத்துவிடும் என்று பூர்ணிமாவுக்குத் தெரிந்தது. முந்தானைக்குள் அந்தக் கை நெளிவதைப் பார்த்தாள். இதற்கும் அவளைத்தானா முன்னால் விடுவது?

"அண்ணி வரலிங்க மாமா" என்றாள்.

"யாரு சொல்றது, அமிர்தமா?"

"நான் சொல்றன். எனக்கு இஷ்டமில்ல. அவங்க இங்கதான் இருப்பாங்க."

 ஆனந்தராஜ், "ஏய், நீதான..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டான். பக்கிரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓ. வூட்டு வேலைக்கு ஆளு போயிடும்னு கஷ்டமா இருக்குதா? தொவைக்க ஒருத்தி, தேய்க்க ஒருத்தி. நீ சொகமா டிவி பொட்டி முன்னாடி ஒக்காந்துக்கலாம். ஊரே சொல்லுது. அடுத்தவ குடும்பத்தப் பிரிச்சி வச்சி சாப்புடுறியே, ஒடம்புல ஒட்டுமா?"

ஒவ்வொரு சொல்லும் சரியான இடத்தில் விழுந்தது. கொல்லையில் அலசப்படும் தன் புடவை நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனாலும் அவள் நகரவில்லை. அவருக்கும் ஒயர் கூடைக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். அவர் பேசிப் பேசி ஓய்ந்து, ஸ்வீட் பெட்டியைக் கூடத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேன் திரும்பும்போது உள்ளிருந்து யாரோ எட்டி உதைத்த சத்தம் கேட்டது.

ஆனந்தராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் புரியல" என்று வெளியே போனான். அமிர்தம் ஒயர் கூடையிலிருந்து புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"எனக்காவ இம்மாம் பேச்சு கேட்டுட்டியே. நான் அன்னிக்கே நெனச்சன், பேரு வச்சவ வுட்டுட மாட்டான்னு."

"அப்பிடிலாம் இல்ல அண்ணி" என்றாள் பூர்ணிமா. அதற்கு மேல் சொல்ல ஒன்று இருந்தது. அது தொண்டை வரை வந்தது. சொன்னால் யாருக்கு ஆறுதல் என்று யோசித்தாள். தனக்குத்தான் என்று தெரிந்ததும் விழுங்கிவிட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அமிர்தம் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "போடும்மா. நான் இன்னும் அங்கயே செத்துக் கெடக்கறன்."

பூர்ணிமா கல்வட்டத்தில் அமிர்தத்தை எழுப்பினாள். கோபுரத்துக்குப் பின்னால், பத்திரமான இடத்தில் நிறுத்தினாள். நீல அங்கியை முன்னால் நடத்திக் காட்டுக்குள் போனாள். பூதங்கள் வந்தன. அவளுக்கு அங்கே நின்று அடி வாங்கிப் பழக்கமில்லை. கோலைத் தூக்கும் முன்பே கோடு சிவப்பாகிவிட்டது. திரை இருண்டு, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

அமிர்தம் உச்சுக்கொட்டினாள்.

"அய்ய, ஒனக்கு வெளயாடவே தெரியல பூர்ணிமா. நான் சும்மாதான நிக்கறன்? என்னய முன்னாடி வுடு."

பூர்ணிமா மவுஸின் மேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுடேன்" என்றாள் அமிர்தம், முக்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டு.