மணமகள் வாய் திறந்த காலை

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, மாப்பிள்ளையின் அம்மா சலோமத்தின் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. முந்தின நாள் பலாவ் வெந்த பெரிய இரும்புச் சட்டி கழுவப்படாமல் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. தந்தூரிலிருந்து ரொட்டி வந்துகொண்டே இருந்தது. வராந்தா முழுக்கப் பெண்கள், குழந்தைகள், தட்டுத் தட்டாக உலர்ந்த பாதாமிப் பழங்கள். நடுவில், தலையிலிருந்து இடுப்புவரை ஜரிகை முக்காடு போட்டுக்கொண்டு புது மருமகள் ஹுல்கர் நின்றாள்.

பாட்டுக்காரி ஒவ்வொரு உறவின் பெயரையும் இழுத்து இழுத்துப் பாடினாள். பெயர் வந்ததும் ஹுல்கர் குனிந்து வணங்க வேண்டும். பெயருக்கு உரியவர் பரிசு வைப்பார். வணங்குவது மட்டும்தான் அவள் வேலை. பேசக் கூடாது. ஹுல்கர் மாவட்ட மருத்துவமனையில் இரண்டு வருஷமாகப் பிரசவ நர்ஸ். ஆனாலும் அவளுடைய சித்தி அனுப்பி வைக்கும்போதே காதில் ஓதியிருந்தாள்: "நாப்பது நாளு வாயத் தொறக்காத. உன் படிப்பெல்லாம் பெட்டியில வச்சுப் பூட்டிடு. மாமியார் என்ன சொன்னாலும் 'சரிங்க அத்தை'. அவ்வளவுதான், புரிஞ்சுதா?"

புரிந்துதான் இருந்தது. அவளும் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தாள், மூத்த மருமகள் ஒய்தின் தேநீர்த் தட்டோடு எதிரே வரும்வரை.

ஒய்தினுக்கு எட்டாம் மாதம். கணவன் எர்காஷ் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். விடிந்ததிலிருந்து அவள் உட்காரவில்லை. அவளைப் பிடித்து நிறுத்தி, சலோமத் விருந்தாளிகளிடம் பெருமையடித்தாள்.

"பாருங்கடி, நம்ம வீட்டுச் சாப்பாடு! வந்தப்ப குச்சி மாதிரி இருந்தா. இப்ப மூஞ்சி முழு நிலாவா ஆயிடுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹுல்கர் முக்காட்டுக்குள்ளிருந்து அந்த நிலாவைப் பார்த்தாள். இமைகள் தடித்து, கண்கள் கோடாகச் சுருங்கியிருந்தன. செருப்பு வார் பாதத்தில் புதைந்திருந்தது. கல்யாண மோதிரம் விரலுக்குள் மறைந்தே போயிருந்தது. இது சதை இல்லை, நீர். ஒய்தின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். அது கிண்ணத்துக்குப் பக்கத்தில், விரிப்பின் மேல் விழுந்தது.

"கண்ணு எங்கடி இருக்கு?" என்று யாரோ கேலி செய்தார்கள்.

புதுப்பெண்ணின் முக்காட்டைச் சரிசெய்வது மூத்தவள் வேலை. ஒய்தின் அருகே வந்து கையைத் தூக்கியதும் ஹுல்கர் உதடு அசையாமல் கேட்டாள்.

"அக்கா, தலை வலிக்குதா?"

ஒய்தின் திடுக்கிட்டாள். "ஐயோ, நீ பேசக் கூடாது!"

"வலிக்குதான்னு கேட்டேன்."

"மூணு நாளா. சம்மட்டியால அடிக்கிற மாதிரி. சும்மா இரு, எல்லாரும் பாக்கறாங்க."

"கண்ணு?"

"பொறி பொறியாப் பறக்குது. ஒரு கிண்ணம் ரெண்டாத் தெரியுது."

"வயித்துல மேல, விலாவுக்குக் கீழ வலி இருக்கா?"

ஒய்தின் வலது பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "நேத்து பலாவ் கொஞ்சம் அதிகமாத் தின்னுட்டேன், அதான். அத்தைகிட்ட சொன்னேன். திருஷ்டின்னு புகை போட்டாங்க. விருந்தாளிங்க போனப்புறம் படுத்துக்கன்னாங்க."

பாட்டுக்காரி அடுத்த பெயரை எடுத்தாள். மாப்பிள்ளையின் பெரிய தாத்தா. ஊரே மதிக்கிற மனிதர். எல்லோரும் மணமகளின் தலை குனியக் காத்திருந்தார்கள்.  வாய் திறந்தால் இந்த வீட்டில் காலத்துக்கும் வாயாடி என்ற பெயர். திறக்காவிட்டால்? அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். அதை ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

அவள் குனியவில்லை. இரண்டு கையாலும் முக்காட்டைத் தூக்கிப் பின்னால் போட்டாள்.

பாட்டு பாதியில் நின்றது.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. ஒய்தின் அக்காவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

சலோமத்தின் அக்காதான் முதலில் வாயெடுத்தாள். "எங்க காலத்துல மருமக வாய் தொறக்க ஒரு வருஷம் ஆகும். உன் மருமகளுக்கு ஒரு ராத்திரி போதும் போலிருக்கே!"

சிரிப்பு எழுந்தது. சலோமத்தின் முகம் தக்காளியாகச் சிவந்தது. ஹுல்கர் நிற்கவில்லை. உள்ளே ஓடி, விருந்தாளிகள் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்த தன் சீதனப் பெட்டிக்குள் கையை விட்டாள். பட்டு மெத்தைகள் சரிந்து விழுந்தன. அடியிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இழுத்துக்கொண்டு வந்து, ஒய்தினை உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். முள் இறங்கியது. மறுபடியும் பார்த்தாள். மாறவில்லை.

"நூத்தி எண்பதுக்கு நூத்தி இருபது."

"எனக்கும்தான் ரத்த அழுத்தம் இருக்கு," என்றாள் சலோமத் எரிச்சலோடு. "கல்யாண வீட்டுல யாருக்குத்தான் இல்ல? இத்தனை பேரு முன்னால..."

"அத்தை, உங்களுக்கு இருக்கறது வேற. இது கர்ப்பத்துல வர்ற அழுத்தம். முகம் வீங்கியிருக்கு, தலை இடிக்குது, கண்ணு மின்னுது, மேல்வயிறு வலிக்குது. எந்த நிமிஷமும் வலிப்பு வரலாம். இங்க வந்துச்சுன்னா ரெண்டு உயிரும் போயிடும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். சலோமத் ஒய்தினைப் பார்த்தாள். ஒய்தின் குற்றம் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எர்காஷைக் கேக்காம எப்படி அனுப்பறது? அவன் பொண்டாட்டி. நாளைக்கு என்னைக் கேப்பானே!" சலோமத் கைப்பேசியை எடுத்து அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு எப்படிக் கேட்கும்? இன்னொரு முறை போட்டாள்.

"அவரு எடுக்கறப்ப எடுக்கட்டும் அத்தை. வண்டி இப்பக் கிளம்பணும்."

மாப்பிள்ளை புன்யோத் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மனைவியோடு அவன் இதுவரை பேசியது பத்து வாக்கியம்கூட இருக்காது. அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு திரும்பி, தெருவில் கார் அருகே நின்ற காரோட்டியைப் பார்த்துக் கத்தினான்: "தோலிப் மாமா! வண்டியை எடுங்க!"

ஆம்புலன்ஸுக்கும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அது மலைமேல் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தது. இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். காத்திருக்க முடியாது. முந்தின நாள் மணமகளை அழைத்து வந்த வெள்ளைக் கார் ரிப்பன்களோடும் காகிதப் பூக்களோடும் அப்படியே நின்றது. பின் இருக்கையில் ஒய்தினை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலையைச் சலோமத்தின் மடியில் வைத்தார்கள். கல்யாணப் பட்டைச் சுருட்டிக்கொண்டு, ஹுல்கர் இருக்கைகளுக்கு நடுவே கீழே மண்டியிட்டாள். புன்யோத் முன்னால் ஏறிக்கொண்டான்.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்றார் தோலிப். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது.

ஹுல்கர் தன் ஆஸ்பத்திரிக்கே போனில் பேசினாள். யார், எத்தனையாம் மாதம், அழுத்தம் எவ்வளவு, எங்கே வந்துகொண்டிருக்கிறோம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். "வாசல்ல ஊசியோட நிக்கறோம், நீ கொண்டு வந்து சேர்த்துடு," என்றார் டாக்டர்.

மலைச்சரிவின் கடைசி வளைவில் ஒய்தின், "வெளிச்சம் குத்துது," என்றாள். அடுத்த நொடி அவள் கண்கள் மேலே செருகின. உடம்பு விறைத்தது. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"பல்லு கட்டிக்கிச்சு! நாக்கைக் கடிச்சுக்குவா!" சலோமத் அலறிக்கொண்டே தன் கொண்டையிலிருந்து மரச்சீப்பைப் பிடுங்கி, ஒய்தினின் பற்களுக்கு நடுவே கொண்டு போனாள்.

ஹுல்கர் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "வேணாம் அத்தை! வாயில எதையும் வைக்கக் கூடாது! பல்லு உடைஞ்சு தொண்டைக்குள்ள போயிடும்!"

"தண்ணியாவது தெளி!"

"தண்ணியும் வேணாம். அமுக்கிப் பிடிக்காதீங்க, உதறட்டும். தலை கதவுல இடிக்காமப் பாத்துக்குங்க. ஒருக்களிச்சே இருக்கணும், மல்லாத்தக் கூடாது. மாமா, நிறுத்தாதீங்க, போங்க!"

தோலிப்பின் உதடுகள் பிரார்த்தனையில் அசைந்தன. கால் மட்டும் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழவில்லை. ஒய்தினின் வாயோரம் நுரை வழிந்தது. துடைக்கத் துணி தேடிய ஹுல்கர், தோளில் கிடந்த ஜரிகை முக்காட்டை இழுத்துத் துடைத்தாள். எத்தனை நேரம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசியில் உடம்பு தளர்ந்தது. குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

"உயிர் இருக்கா?" சலோமத்தின் குரல் சிறு பெண்ணின் குரலாகியிருந்தது.

"இருக்கு அத்தை. மூச்சு வருது. முகத்தை இப்படியே சாய்ச்சு வச்சுக்குங்க."

அப்போதுதான் கார் கிறீச்சென்று நின்றது. சாலைக்குக் குறுக்கே கயிறு! ரிப்பன் கட்டிய காரைக் கண்டதும் கீழ்க்கிராமத்து இளவட்டங்கள், பரிசு கேட்கும் கல்யாண வழக்கப்படி வழியை மறித்துவிட்டார்கள். பெரிய மீசைக்காரன் ஒருவன் கைகொட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"மாப்பிள்ளை, பொண்ணை இப்படி ஓசியில கூட்டிட்டுப் போனா எப்படி? துண்டு எங்க? மிட்டாய் எங்க?"

புன்யோத் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். "அண்ணே, கயித்தை எடுங்க! எங்க அண்ணி செத்துக்கிட்டு இருக்காங்க!"

மீசைக்காரன் சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான். சிரிப்பு அப்படியே உறைந்தது. இடுப்புக் கத்தியை உருவி ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தான்.

"டேய், எல்லாரும் விலகுங்கடா! இன்னிக்குச் சந்தை நாள், உங்களால தெருவைத் தாண்ட முடியாது. என் பின்னாலயே வாங்க!"

அவன் மோட்டார் சைக்கிளில் ஏறி உதைத்தான். கூடவே இன்னும் இரண்டு வண்டிகள் கிளம்பின. சந்தைத் தெருவில் முலாம்பழ வண்டிகளும் ஆட்டு மந்தையும் அடைத்துக்கொண்டு நின்றன. மீசைக்காரன் வண்டியின் மேல் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான்: "வழி விடுங்க! பிள்ளைத்தாச்சி! பிள்ளைத்தாச்சி!" கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக் கைதட்டியவர்கள் காதில் அந்தச் சொல் விழுந்ததும் பதறினார்கள். பழக்காரர் ஒருவர் பழம் உருண்டாலும் உருளட்டும் என்று வண்டியைச் சாக்கடைப் பக்கம் தள்ளினார். ஆடுகள் கத்திக்கொண்டு சிதறின. யாரோ ஒரு பெண் முன்னால் ஓடி, தன் கழுத்துத் துணியை வீசி வீசி வழி திறந்தாள். மனிதச் சுவர் இரண்டாகப் பிளக்க, வெள்ளைக் கார் அதற்குள் அம்பாகப் புகுந்து வெளியேறியது.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளு கட்டிலோடு காத்திருந்தார்கள். டாக்டர் அங்கேயே ஊசியைப் போட்டுவிட்டு, "வலிப்பு எத்தனை தடவை? எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். ஹுல்கர் பதில் சொல்லிக்கொண்டே கூட ஓடினாள். கதவு மூடியது.

ஹுல்கர் வெளியிலேயே தங்கிவிட்டாள். சுவரோரம் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சலோமத்தும் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மூணு நாளைக்கு முன்னாடியே சொன்னா," என்றாள் சலோமத், யாரிடமோ சொல்வதுபோல. "நான் எத்தனை ஆடு அறுக்கணும்னு பேசிக்கிட்டிருந்தேன். 'பிள்ளை சுமக்கறவளுக்கு வலிக்காம என்ன'ன்னுட்டேன்."

ஹுல்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"பொண்ணு பொறந்திருக்கு. அறுவை செஞ்சுதான் எடுத்தோம். சின்ன உருவம், கொஞ்ச நாள் வெதுவெதுப்புப் பெட்டியில இருக்கணும். ஆனா அழற சத்தம் மூணு வார்டுக்குக் கேக்குது. அம்மாவுக்கு அழுத்தம் இறங்குது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தீங்கன்னா, உங்ககிட்ட நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

சலோமத் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புன்யோத் வாசலுக்கு ஓடி மீசைக்காரனைக் கட்டிப் பிடித்தான். "பொண்ணு!" என்று அவன் கத்த, மோட்டார் சைக்கிள்கள் மூன்றும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. காவலாளி ஓடி வந்து அதட்டினார். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

ஒய்தினும் குழந்தையும் வீடு திரும்பிய பிறகு, இலையுதிர் காலத்தில் ஒரு நாள். மேட்டு வீட்டு கும்ரி மாவு கடன் வாங்க வந்தவள், பேச்சுவாக்கில் சொன்னாள்: "என் மருமகளுக்கு ரெண்டு நாளாக் கொஞ்சம் ரத்தம் படுது. ஆறு மாசம்தானே, தானா நின்னுடும். உருளைக்கிழங்கு எடுத்து முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு அவ மாமனார் சொல்றாரு. வெளிய சொன்னாலும் வெக்கம்."

சலோமத் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"ஹுல்கர், கிளம்பு! புன்யோத், மாமாவை வண்டியை எடுக்கச் சொல்லு!"

"என்னடி இது, அவரு வந்து ஒரு வார்த்தை..." என்று கும்ரி இழுத்தாள்.

"அவரு வந்து கிழங்கை எடுக்கட்டும். நீ மருமகளை எடு!" மாவு ஒட்டிய கையோடு சலோமத் தெருவில் இறங்கி நடந்தாள். அவள் குரல் நாலு வீட்டு வேலியைத் தாண்டிக் கேட்டது. "கேட்டுக்கங்கடி எல்லாரும்! பிள்ளைத்தாச்சிக்கு ரத்தம் பட்டாலும், தலை இடிச்சாலும், கண்ணு மின்னினாலும், மூஞ்சி வீங்கினாலும், வலிப்பு வந்தாலும் அது வெக்கப்படற விஷயமில்ல. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கற விஷயமும் இல்ல. முதல்ல வண்டி, அப்புறம்தான் மத்ததெல்லாம். வீட்டு மானம் விருந்தாளிங்க வாயில இல்ல. நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணு உயிரோட இருக்கறதுலதான் இருக்கு!"

கும்ரி மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தாள்.