முள் நிற்கும் வரை

தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் எடைக்கல்லை வைத்துக் கதவை இறக்கிவிட்டால், அதன்பிறகு கொஞ்ச நேரம் தராசுக்காரருக்கு வேலை இல்லை. கல்லில் ஒட்டிய கைச்சூடு ஆற வேண்டும், உள்ளே காற்று அடங்க வேண்டும், முள் ஆடி ஆடித் தானாக நிற்க வேண்டும். நகை நிறுக்கும் தராசு. அவசரப்படுத்தினால் பொய் சொல்லும். முன்பெல்லாம் அந்த நேரம் ஒரு சிகரெட்டுக்குச் சரியாக இருந்தது. பின்வாசல் படியில் நின்று கடைசி இழுப்பையும் இழுத்துவிட்டுத் திரும்பினால், முள் நடுக்கோட்டில் அசையாமல் நிற்கும். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். மூச்சுக்காற்று பட்டாலும் ஆடிவிடுகிற முள் அது.

இப்போது அந்த நேரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மிட்டாய் சப்பிப் பார்த்தார். நாக்கு புண்ணானதுதான் மிச்சம். மருந்துக்கடையில் கொடுத்த சூயிங்கத்தை மென்று பார்த்தார். வருகிற மனிதர்கள் முன்னால் மாடு மாதிரி தாடையை ஆட்டிக்கொண்டிருப்பது அவருக்குக் கௌரவமாகப் படவில்லை. டீயை நிறுத்தினார். டீ தொண்டையில் இறங்கியதுமே விரல்கள் கேட்காமல் சட்டைப்பைக்குப் போயின. கடைசியில் தூசி இல்லாத தட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கூட வேலை செய்யும் மகன் பார்க்காததுபோல் பார்த்தான்.

அவர் வாக்குக் கொடுத்தது மருத்துவமனையில். மனைவிக்கு நுரையீரல் காய்ந்து சுருங்கிவிட்டது என்று சொன்ன டாக்டர், "வீட்ல யாருக்குச் சிகரெட் பழக்கம்?" என்று கேட்டார். மகன் சுவரைப் பார்த்தான். மருமகள் தரையைப் பார்த்தாள். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கி, "யாருக்கும் இல்ல" என்று சொன்னது மனைவிதான். வாழ்நாளில் ஒரு இழுப்புகூட இழுக்காதவள்.

அவள் தனக்காகப் பொய் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. "எனக்குத்தான்," என்றார். "இன்னியோட இல்ல."

அவ்வளவுதான். சத்தியம், கற்பூரம் என்றெல்லாம் அந்தக் குடும்பத்தில் வழக்கம் கிடையாது. அவருடைய அப்பா பழுதுபார்த்துச் சரி என்று கொடுத்த தராசை எந்தக் கடைக்காரரும் மறுபடி சோதித்ததில்லை. அவர்கள் சொன்னால் சொன்னதுதான். தான் சொன்னதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பவன் பாதி பொய்யன் என்று கேட்டு வளர்ந்தவர் அவர்.

ஆனால் சிகரெட் இல்லாததால் புகைக்காமல் இருப்பது அவருக்குப் பட்டினியாகத் தோன்றியது, விட்டதாகத் தோன்றவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இருந்தும் தொடக்கூடாது. அதனால் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டார். அப்பாவின் பழைய எடைக்கல் பெட்டியில், வெல்வெட்டில் கல்லுக்கெல்லாம் குழி, ஓரத்தில் இடுக்கி வைக்க நீளமாக ஒரு பள்ளம். இடுக்கி எப்போதோ உடைந்துபோயிருந்தது. சிகரெட் அந்தப் பள்ளத்துக்கென்றே செய்ததுபோல் படுத்துக்கொண்டது. முள் நிற்கக் காத்திருக்கும்போது மூடியைத் திறப்பார். பார்ப்பார். "இன்னிக்கும் உன்னால முடியலல்ல?" என்பார் மெதுவாக. மூடிவிடுவார். சில நாட்களில் மூடுவதற்கு நேரம் பிடிக்கும். சிகரெட் காய்ந்து நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் நகைக்கடைக்காரர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தன் தராசைத் திரும்ப வாங்க வந்திருந்தார். அப்பா காலத்திலிருந்து வருகிறவர். தராசுக்காரர் கை கழுவப் போயிருந்த நேரத்தில், பொடிக்கல் ஒன்று தேவைப்பட்டு மகன் அந்தப் பெட்டியை எடுத்துத் திறந்துவிட்டான்.

ஈரக் கையோடு அவர் திரும்பி வரும்போது நகைக்கடைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, இப்பல்லாம் சிகரெட்ட வச்சுத்தான் எடை போடுறீங்களா? எத்தன மில்லிகிராம் வரும்?"

மகன் சிரிக்கவில்லை. "அப்பா, அம்மா மூக்குல டியூபோட கெடக்குறாங்க," என்றான். "உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?"

வந்தவர் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டான். "இது பழசுடா, தொட்டுப் பாரு, காஞ்சுபோயிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம், வெளியாள் பார்க்க, குற்றவாளி மாதிரி சாட்சி காட்டுவதா? காதுமடல் சுட்டது. துண்டில் கையைத் துடைத்தார், செருப்பை மாட்டினார், வெளியே இறங்கினார்.

தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "ஆளயே காணோமே! ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு குடு."

கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் பற்றவைத்தார். முதல் இழுப்பு கசந்தது. தலை சுற்றி, கடையின் பலகையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது இழுப்பில், இத்தனை நாளும் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மார்புக்குள் அவிழ்ந்தது. அந்த நிம்மதிதான் அவரைக் கொன்றது. கோபத்தில் புகைக்கிறோம் என்று நினைத்திருந்தார். கோபம் முதல் இழுப்போடு போய்விட்டது. மிச்சத்தை அவர் ஆசையோடுதான் இழுத்தார், விரல் சுடுகிற வரை.

பெட்டிக்கடைக்காரர் ஒரு புதினா மிட்டாயை நீட்டினார். "வாசன தெரியாது."

"மறைக்கிறதுக்கு நான் என்ன ஸ்கூல் பையனா?"

நேராக வீட்டுக்கு நடந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழி நெடுக ஒழுங்குபடுத்திக்கொண்டார். ஆமாண்டா, புடிச்சேன். இன்னிக்குத்தான் புடிச்சேன், நீ கேட்ட கேள்வியாலதான் புடிச்சேன். எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லிவிட வேண்டும். தப்பு செய்தாலும் ஒளிக்கவில்லை என்பதாவது மிஞ்சும்.

மகன் அவருக்கு முன்பே வந்து சொல்லிவிட்டிருந்தான். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் பெருமூச்சு விடுவதும் இழுப்பதுமாக இருந்தது. மருமகள் கால்மாட்டில் நின்றாள். மகன் ஜன்னலோரம், கையைக் கட்டிக்கொண்டு. அவர் வாசலிலேயே நின்றார். மனைவியிடமிருந்து அந்தத் தூரம் போதும் என்று அவருக்கே தோன்றியது.

"பொட்டியில இருந்துச்சாம்," என்றாள் மனைவி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "இருக்கட்டும். பொட்டியில இருந்தா... புடிச்சதா ஆயிடுமா?"

"அம்மா, பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க," என்றான் மகன்.

"நீ சும்மா இருடா. உங்கப்பாவ எனக்குத் தெரியும். சொன்னா சொன்னதுதான்." அவள் முகத்தில் பல நாட்களாகக் காணாத ஒரு மிடுக்கு வந்திருந்தது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து... அந்த நாத்தத்துக்குச் சொவத்தப் பாத்துப் படுத்தவ நான். எனக்குத் தெரியாதா? நான் மோந்து பாத்துச் சொல்றேன்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் அவர். கை வாசல் நிலையைப் பிடித்திருந்தது.

"வாங்க இப்படி."

"டியூப எடுக்காத."

"ஒரு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது. வாங்கங்கறேன்ல? இவனுக்குத் தெரியட்டும், இவன் யாரச் சந்தேகப்பட்டான்னு."

மகன் கட்டிய கையை அவிழ்த்தான். அவன் முகத்தில் இப்போதே பாதி வெட்கம் தெரிந்தது. அவர் கட்டில்வரை நடந்து குனிந்தார். அவள் காதுக்குப் பின்னாலிருந்து டியூபைக் கழற்றித் தலையணைமேல் போட்டாள். அது உறைத் துணியில் படபடவென்று காற்றை ஊதிக்கொண்டு கிடந்தது. எலும்பான கை ஒன்று அவர் கழுத்துக்குப் பின்னால் போய், முகத்தைத் தன் முகத்துக்கு நேராக இறக்கியது. இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. உதடுகள் ஏற்கெனவே நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

"ஊதுங்க," என்றாள்.

கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்தவரைப்போல அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.